நர்ஸ் ஊட்டிவிட்ட ரசம் சாதம்

போன வருடம் ஆடி மாதம், அரிமளத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் லீவில் வந்திருந்தார். வந்த இடத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். உயிருக்குப் பயமில்லை, இனி வீட்டில் வைத்துத்தான் தேற்ற வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

தேற்றுவது என்றால் எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் நானே செய்வதுதான். பல் துலக்கிவிட்டேன், குளிப்பாட்டினேன், சோறு ஊட்டினேன். தண்ணீர் கேட்க அவர் வாயைத் திறப்பதற்குள் டம்ளர் உதட்டில் இருக்கும். பார்க்க வந்தவர்களெல்லாம், இப்படி ஒரு பெண்டாட்டி அமைய அவர் கொடுத்து வைத்தவர் என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து பார்ப்பார். என்னைவிட ரொம்பச் சின்னவர். பிரஷர் பார்ப்பார், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பார், கையை நீட்டி மடக்கச் சொல்வார். ஒருநாள் நான் இவருக்குச் சட்டை மாட்டப் போனபோது நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்கக்கா. அண்ணன் போடட்டும்.”

“அவரால முடியாது சிஸ்டர்.”

“முடியுதா இல்லையான்னு பாப்போம்.”

பார்த்தோம். இடது கையால் வலது கையைத் தூக்கிச் சட்டைக்குள் விடுவார். அது நழுவி வெளியே வந்துவிடும். மறுபடியும் தூக்குவார். கடைசிவரை பட்டன் பக்கம் போகவே முடியவில்லை. வியர்த்துக் கொட்டி, கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசல்வரை பின்னாலேயே போய்ச் சண்டை போட்டேன்.

“கை கால் வெளங்காத மனுசன அழ வச்சுப் பாக்குறதுதான் ஒங்க வேலையா?”

அவர் கோபப்படவில்லை. “எல்லாத்தையும் நீங்களே செஞ்சுக்கிட்டிருந்தா அந்தக் கை அப்படியே கெடந்துரும்க்கா. அண்ணனும் அப்படியே கெடந்துருவாரு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்த வார்த்தை பயமுறுத்திவிட்டது. அதனால்தான் அவர் சொன்னபடி செய்தேன், புரிந்து செய்யவில்லை. ஆனால் பலன் தெரிந்தது. புரட்டாசி வருவதற்குள் இவர் சட்டையைத் தானே போட்டார். கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டார். கம்பை ஊன்றிக் கொல்லைப்பக்கம் போய் வந்தார். பிறகு நான் ரொம்பக் கறாராகிவிட்டேன். அவர் தண்ணீர் கேட்டால்கூட, “செம்பு அங்கிட்டுத்தான இருக்கு, எடுத்துக் குடிங்க” என்பேன். நர்ஸ் வேலையை நானும் கற்றுக்கொண்டதாக ஒரு நினைப்பு.

ஐப்பசியில் திருமயத்தில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். இவர்தான் தாய்மாமன். மேடையேறி மாலை போட வேண்டும். மண்டபத்து அறையில் பட்டு வேட்டியைத் தானே கட்டிக்கொள்வேன் என்று நின்றார். கட்டினார். இடுப்பில் முடிச்சு தளர்வாக இருந்ததை நான் பார்த்தேன். இறுக்கிவிடலாம் என்று கை போனது. செய்யக் கூடாது என்று நானே இழுத்துக்கொண்டேன்.

மேடையில் மாலை போடக் குனிந்தபோது வேட்டி நழுவியது.

கீழே விழுவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டேன். ஆனால் அத்தனை பேர் முன்னால், வீடியோ விளக்கு வெளிச்சத்தில், குழந்தைக்குக் கட்டுவதுபோல அவருக்கு வேட்டியைக் கட்டிவிட வேண்டியதாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

திரும்பி வரும்போது காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நான் கட்டும்போது நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை போட்டிருந்தால் அறையிலேயே கோபப்பட்டிருப்பார். போடாமல் விட்டதற்கு இது.

அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கரண்டியைத் தொடவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். அது வைத்தபடியே இருக்கும். ஊட்டலாமா என்று பலமுறை போய்ப் போய்த் திரும்பினேன். ஊட்டினால் இத்தனை மாதத்துப் பாடும் வீணாகிவிடுமே என்று பயம்.

அடுத்த முறை நர்ஸ் வந்ததும் நடந்ததையெல்லாம் சொன்னேன். “ஆனா நான் எதையும் செஞ்சு குடுக்கலை சிஸ்டர்” என்றும் சேர்த்துக்கொண்டேன். சபாஷ் சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

அவர் நேரே உள்ளே போனார். கட்டிலில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். எழுந்து கை கழுவிவிட்டு வந்து, தட்டிலிருந்த ரசம் சாதத்தை நன்றாகப் பிசைந்தார்.

“அண்ணே, ஊட்டிவிடவா?”

இவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார். நர்ஸ் ஒவ்வொரு வாயாக ஊட்டினார். மோவாயில் வழிந்ததைத் துடைத்தார். தட்டு காலியானது. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “நீங்கதானே செய்யாதீங்கன்னு சொன்னீங்க? இப்ப நீங்களே ஊட்டுறீங்க. இதுல எதுதான் சரி?”

“அன்னைக்கு அது சரின்னு பட்டுச்சுக்கா. இன்னைக்கு இது.”

“என்னைக்கு எதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?”

அவர் ஹெல்மெட்டைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “காலேஜ்ல மொத வருசமே நர்சிங்னா என்னன்னு பாடம் வரும்க்கா. நோயாளியால முடியாததை மட்டும் நாம செய்யணும்னு ஒண்ணு. அந்த மனுசனோட மனசுல இருந்து பாக்கணும்னு இன்னொண்ணு. பக்கம் பக்கமா எழுதி நல்ல மார்க்கெல்லாம் வாங்குனேன். ஆனா கட்டில் பக்கத்துல வந்து நின்னா ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. பல நேரம் எனக்கே தெரியாதுக்கா. இன்னைக்கு ஊட்டுனதும் சரியா தப்பான்னு அடுத்த வாரம்தான் தெரியும்.”

படித்த நர்ஸ் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது ஆறுதலாகவும் இல்லை. அவருக்கே தெரியாவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டு மூன்று நாள் நானும் ஊட்டினேன். அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் இவராகவே, “கரண்டியக் குடு” என்று கை நீட்டினார். நர்ஸ் ஊட்டியதால் மாறினாரா, அதுவாகவே மாறுகிற நேரம் வந்திருந்ததா என்று எனக்குப் புரியவில்லை. நர்ஸ் ‘ஊட்டிவிடவா’ என்று கேட்டாரே, அந்தக் கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் செய்யவா, செய்யவா என்று கேட்டேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

“நை நைன்னு கேட்டுக்கிட்டே இருக்காத. மனுசனுக்கு எரிச்சலா வருது!” என்று கத்திவிட்டார்.

தை மாதம் அந்த நர்ஸுக்கு ஆவுடையார்கோவில் பக்கம் மாறுதல் வந்தது. கடைசியாக வந்தபோது பிரஷர் பார்த்து முடித்துவிட்டு, “இன்னைக்கு என்னக்கா செய்யலாம்?” என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. இரண்டு பேரும் இவர் முகத்தையே பார்த்தோம்.

“ரெண்டு பேரும் என்னத்துக்கு என்னைய இப்புடி மொறைச்சுப் பாக்குறீங்க? டீயப் போட்டுக் குடிக்கிற வழியப் பாருங்க” என்றார் இவர். அந்தத் திருமயம் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

இப்போதும் காலையில் அவர் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காரும்போது, கை கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் தெரியாமல் நிற்கிறேன். நின்று அவர் முகத்தைப் பார்க்கிறேன். சில நாள் சரியாகப் படுகிறது, சில நாள் திட்டு விழுகிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்த நாட்களில் அந்த முகத்தை நான் இவ்வளவு பார்த்ததில்லை.