கப்பல் கட்டுகிறவளை மடக்கிய கேள்வி

நான் கப்பல் கட்டும் தளத்தில் பொறியாளர். இன்று தன்னார்வலராக மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கு அறிவியல் சொல்லித்தரப் போனேன்.

இரும்புக் கப்பல் எப்படி மிதக்கிறது என்று மலையாளத்தில் கேட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி பெஞ்சில் செல்வி என்கிற பெண் தோழியிடம் தமிழில் முணுமுணுத்தாள்: "உள்ள காலியாத்தானே இருக்கு, அதான்."

"அதை எழுந்து சத்தமா சொல்லும்மா," என்றேன் தமிழில்.

"அய்யோ, டீச்சர் தமிழா!"

முன்னால் வந்தாள். சோதனைக்காக நான் வைத்திருந்த வாளித் தண்ணீரில் களிமண் உருண்டையைப் போட்டாள், மூழ்கியது. அதையே எடுத்துக் கிண்ணம்போல் குழித்துத் தண்ணீரில் விட்டாள். மிதந்தது! வகுப்பே கத்தியது. நானும்தான்.

அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. "டீச்சர், நீங்க கட்டின கப்பல்ல கடலுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லையேம்மா."

"ஏன் டீச்சர், பயமா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்!