வாசுகியின் வாசகர்கள்

சண்டிலிப்பாயிலிருந்து நான் சமையல் வலைப்பூ எழுதுகிறேன். கொடிகாமத்துத் தோழி வாசுகி வீட்டுத்தோட்டம் பற்றி எழுதுகிறாள். இருவருக்கும் வாசகர் பெருகட்டுமே என்று ஒருவர் வலைப்பூவில் மற்றவர் எழுதத் தொடங்கினோம். அவளுடையதில் நான் எழுதிய மரவள்ளிக்கிழங்குக் குறிப்பைப் பலர் படித்தார்கள்.

ஒருநாள் வாசுகி அழுதபடி அழைத்தாள்.

"புத்தூரிலை ஒரு பொம்பிளைப்பிள்ளை உன்ரை குறிப்பைப் பாத்து, சட்டியை மூடி அவிச்சுச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியிலை கிடக்குதாம். திறந்து அவிச்சால்தானே நஞ்சு ஆவியோடை போகும்? அதை நீ எழுதேல்லையடி."

என் வாசகர்களுக்கு அது தெரியும். அவளுடைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று நான் நினைக்கவேயில்லை. அந்தப் பெண் சுகமாகி வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது வாசுகியின் வலைப்பூவுக்கு நான் எழுதுவதை, அடுப்படிப் பக்கமே போகாத அவள் கணவர்தான் முதலில் படிக்கிறார். "உது ஏன்?" என்று அவர் கேட்பதற்கெல்லாம் விளக்கம் எழுதிய பிறகே வெளியிடுகிறோம்.