டெல்மர் முழுப் பேராசிரியர் ஆன கதை

அயோவாவில் பன்றிப் பண்ணைக்காரர் வீட்டில் பிறந்த டெல்மர் ஹூக்ஸ்ட்ராவுக்குப் பள்ளி பேண்டில் டிராம்போன் கிடைத்ததற்குத் திறமை காரணமல்ல. கை நீளம்தான் காரணம். குழலை இழுத்து நீட்டி வாசிக்கிற வாத்தியமாயிற்றே. ஆனாலும் ஆசை ஒட்டிக்கொண்டது. டாக்டர் பட்டம் வாங்கி, பக்கத்துப் பல்கலைக்கழகத்திலேயே டிராம்போன் ஆசிரியர் ஆனார். அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் பள்ளி பேண்டுகளை நடத்தினார்கள். அவர் மட்டும் இணைப் பேராசிரியராகவே தலை நரைத்தார். முழுப் பேராசிரியர் ஆகாமல் ஓய்வு பெறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தார்.

அதற்காக அவர் வாசிப்பை நேரில் மதிப்பிட டீன் பிரென்ட் கோவால்கி வந்தார். கணக்கியல் படித்தவர்; இசை என்றால் ஃபுட்பால் மைதானத்து பேண்டுதான் அவருக்குத் தெரியும். டெல்மர் வாசிக்கும் நகர இசைக்குழு அன்று எடுத்தது ஒரு பழைய சிம்பொனி. அதில் முதல் மூன்று பகுதிகளிலும் டிராம்போனுக்கு வேலையே கிடையாது. மற்ற டிராம்போன்காரர்கள் மடியில் குறுக்கெழுத்துப் புதிரை வைத்துக்கொண்டார்கள். டெல்மருக்கு அதெல்லாம் துரோகம். மனதுக்குள் தாளத்தை எண்ணிக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் பகுதி முடிந்ததும் டீன் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகு கடைசிப் பகுதியில் டெல்மர் வாசித்தது அவர் வாழ்நாளிலேயே சிறந்த வாசிப்பு.

"எல்லாம் போச்சு, ஆர்லீன்" என்றார் காரில்.

"நான் கேட்டேனே டெல்மர், அது பத்தாதா?" என்றாள் மனைவி.

"நீ டீன் இல்லையே!"

திங்கட்கிழமை டீன் கூப்பிட்டார்.

"உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன், டெல்மர். ஒரு சத்தம் வரல."

"பிரென்ட், அதுல டிராம்போன் கடைசியிலதான்..."

"இருங்க, முடிச்சிடறேன். சுத்தி அத்தன பேர் கத்தறாங்க, நீங்க அசையல. போன் பாக்கல. ஒரு கொட்டாவி இல்ல. என் மீட்டிங்ல இப்படி உக்கார ஒரு ஆள் கிடையாது! நீங்க முழுப் பேராசிரியர்தான். கூடவே துணை டீன்."

"அப்ப பசங்களுக்குப் பாடம்?"

"சாக்ஸபோன் ஆளு பாத்துப்பாரு. ரெண்டும் ஊதறதுதானே?"

முடியாது என்று சொல்லத்தான் டெல்மர் வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்து ஏக்கம் முந்திக்கொண்டு, "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டது.

கதவில் 'டிராம்போன் பேராசிரியர்' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே பார்க்கிங் கமிட்டி, பாடத்திட்டக் கமிட்டி, கமிட்டிகளைக் குறைப்பதற்கான கமிட்டி. டிராம்போனைத் தொடக்கூட நேரமில்லை.

வசந்த காலத்தில் மாணவி டெஸ் வாத்தியத்தோடு வந்து நின்றாள். "டாக்டர் ஹூக்ஸ்ட்ரா, இந்த இடம் பிடிபடவே மாட்டேங்குது. ஒரே ஒரு தடவ வாசிச்சுக் காட்டறீங்களா?"

டெல்மர் ஆசையாக வாங்கி ஊதினார். பல மாதம் பழகாத உதடு சொன்னபடி கேட்கவில்லை. காற்றும் எச்சிலும் கலந்து கரகரவென்று ஏதோ வந்தது. இன்னொரு முறை ஊதினார். அதுவும் அப்படியேதான் வந்தது.

அவமானத்தில் அவர் காது சிவந்துவிட்டது. டெஸ் தரையைப் பார்த்தாள்.

"பரவால்ல டாக்டர், நான் யூடியூப்ல பாத்துக்கறேன்" என்று வாத்தியத்தை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.