விடைத்தாளுக்குக் கேட்காத ஒலி

என் அப்பா இலங்கையில் மாத்தளைப் பக்கம் பல்லேகமைச் சிங்களவர். அம்மா மலையகத் தோட்டத்துத் தமிழ். எங்கள் வீட்டில் ஒரே வாக்கியம் சிங்களத்தில் புறப்பட்டுத் தமிழில் வந்து சேரும். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் "ரெண்டும் அரைகுறை" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் நான் வேலை பார்த்த மசாலாக் கடையை மூடிவிட்டார்கள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பதிந்தேன். மகளுக்கு ஆறு வயது. அவளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த நேரத்தில்தான், பேச்சை எழுத்தாக்கும் கணினிக்காக, மாத்தளை ஆட்கள் சிங்களமும் தமிழும் கலந்து பேசிய பதிவுகளைக் கேட்டு எழுத ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. இது கிடைத்தால் நான் விமானம் ஏற வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை குவைத் ஒப்பந்தத்தில் கையெழுத்து.

பரீட்சை சுலபம். ஹெட்போனில் இரண்டு இரண்டு ஒலியாக வரும். ஒன்றுதானா, வேறு வேறா என்று குறிக்க வேண்டும். குறித்துக் கொடுத்தேன். திருத்தியவர் சென்னையிலிருந்து வந்த அதிகாரி. விடைத்தாளையும் அவரே காதால் கேட்டு எழுதியிருந்தார்.

"ஆறு தப்பும்மா. இந்த ஆறும் ஒண்ணுதான், நீங்க வேறன்னு போட்டிருக்கீங்க."

"ஒன்னு இல்ல சார். ஒன்னுல மூக்குச் சத்தம் முழுசா நின்னு போகுது. மத்ததுல தொட்டுட்டு ஓடிருது. சிங்களத்துல ரெண்டும் வேற."

"எனக்குக் கேக்கலையே."

"உங்களுக்குக் கேக்காட்டி எனக்கா சார் தப்பு?"

வாய் முந்திவிட்டது. அவர் ஃபைலை மூடினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. வெளியே அவருடைய வேனில் ஒரு டிரைவர் இருந்தார். லக்கலை ஊர்ச் சிங்களவர் என்று வரும்போதே பேசித் தெரிந்துகொண்டிருந்தேன். "அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க சார், அப்புறம் என்னை அனுப்புங்க" என்றேன்.

டிரைவர் வந்து ஹெட்போனை மாட்டினார். ஆறையும் கேட்டார். ஆறுக்கும் "வெனஸ், வெனஸ்" என்றார். வேறு வேறு என்று அர்த்தம்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்லி, பள்ளி என்று அதே பரீட்சையில் இருந்த தமிழ் ஒலிகள் சிலவற்றை டிரைவருக்குப் போட்டுக் காட்டினார். "ரெண்டும் ஒன்னுதானே, சார்?" என்று டிரைவர் சிரித்தார். அதிகாரி என் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். அவற்றை நான் சரியாகவே குறித்திருந்தேன்.

பிறந்ததிலிருந்து எந்தப் பேச்சு நம்மைச் சுற்றி நடக்கிறதோ, அதற்கு வேண்டிய வித்தியாசத்தைத்தான் காது பிடித்து வைத்துக்கொள்கிறது. மற்றதை விட்டுவிடுகிறது. அதிகாரியின் காது ஒரு பக்கம் விட்டது, டிரைவரின் காது இன்னொரு பக்கம். எங்கள் வீட்டில் எதையும் விட வழியில்லை. அரைகுறையாம்! அந்த அறையில் முழுசாகக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

அதிகாரி தன் விடைத்தாளில் ஆறு இடத்தை அடித்துத் திருத்தினார். "மன்னிச்சுக்கங்கம்மா. நாளைக்கே வர முடியுமா?" என்றார்.

வாசலுக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள். "அம்மா, எப்ப போறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போகலடி, தங்கம்!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. "அம்மா எங்கயும் போகல!"