மராத்திக்கும் டேனிஷுக்கும் நடுவில் ஒரு மீசை

சோலாப்பூரிலிருந்து அப்பாவின் லாரி திரும்பிவிட்டதை எங்கள் தெருவுக்கு முதலில் சொல்வது வெங்காய வாசனைதான். கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டல்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி வெங்காய மூட்டைகளோடு திரும்பும். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அந்தக் காரம் வீட்டுக்குள் வந்துவிடும். மாதத்தில் பாதி நாள் மராத்தி பேசுகிற ஊர்களில் கிடந்தவர் என்பதால், சோற்றுக்கு முன் உட்கார்ந்து "பாணி" என்று தண்ணீர் கேட்பார். அம்மா காதில் விழாதது போலவே இருப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷம், நான் படித்த கடைசி வகுப்பும் அதுதான், கயத்தாறு பக்கத்துக் கரிசல் காட்டில் காற்றாலைகள் நட ஆரம்பித்தார்கள். டென்மார்க் என்ற நாட்டிலிருந்து இயந்திரங்களும், கூடவே ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரும் வந்தார்கள். அங்கே கிரேன் ஓட்டியவர் எங்கள் தெரு ரெங்கசாமி அண்ணாச்சி. இன்ஜினியர் பேசுகிற டேனிஷ் மொழியில் அவருக்கு நாலு வார்த்தை வந்துவிட்டது. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு டீக்கடையில் அவர் பண்ணிய அமர்க்களம் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சு முற்றியது.

"அவிய நாடு நம்ம நாலு ஜில்லா சேத்தா வருமாவே?" என்றார் அப்பா. "நாக்பூர்ல வண்டிய எடுத்தா பம்பாய் வரைக்கும் வழி பூரா மராத்திதான். கோவாவுல பேசுதான், பெல்காம்ல பேசுதான். நம்ம தஞ்சாவூர்லயே வீட்டுக்குள்ள மராத்தி பேசுதவிய இருக்காவ."

"தரங்கம்பாடியில எங்க ஆளுவ கோட்டையே கட்டிருக்காவவே!" டென்மார்க்காரர்கள் எப்போது அண்ணாச்சியின் ஆட்களானார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"கோட்டை கட்டுனான், சரி. இப்பம் அங்கன போயி அந்த பாஷையில ஒரு டீ வாங்கிக் குடிச்சிருவீரா?"

கடையே சிரித்தது. ரோஷத்தில் அண்ணாச்சி பந்தயம் கட்டினார். எந்த மொழி பேசுகிற நிலம் பெரிதோ அந்த மொழிக்காகப் பேசியவரின் மீசை நிற்கும். மற்றவர் எடுத்துவிட வேண்டும். அப்பாவை ஊருக்குள் "மீசை டிரைவர்" என்றுதான் சொல்வார்கள். பெயர் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. இருந்தும் அவர் யோசிக்கவில்லை. "எம்மவன் பள்ளிக்கூடத்துல உலகப் படம் தொங்குது. அவன் பாத்துச் சொல்லட்டும். அவன் பேசுததே அபூர்வம், பேசுனா பொய் வராது" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்தவர்கள் பெயர் கேட்டால்கூட அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நிற்கிறவன் நான்.

மறுநாள் படத்தின் முன்னால் நின்றேன். நாக்பூர் முதல் பம்பாய் வரை, மராத்தி பேசுகிற நிலத்தை என் மூன்று விரல் மறைத்தது. டென்மார்க் என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிட்டது. அப்பா ஜெயித்துவிட்டார் என்று கையை எடுத்தபோதுதான் படத்தின் உச்சியில், உள்ளங்கையை விரித்தாலும் மறையாத ஒரு வெள்ளை நிலம் கண்ணில் பட்டது. கிரீன்லாந்து என்று போட்டு, கீழே அடைப்புக்குறிக்குள் டென்மார்க் என்று அச்சடித்திருந்தது. டீக்கடையில் இருக்கிற ஒருவருக்கும் அது தெரியாது. நான் சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. மத்தியானமும் ஒருதரம் போய் அந்த அடைப்புக்குறியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பத்துப் பேர் சூழ்ந்து நின்றார்கள். "டென்மார்க் சின்னதுதான்" என்றேன். கடை ஆர்ப்பரித்தது, அப்பாவின் கை மீசைக்குப் போனது. "ஆனா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். என் முகத்திலிருந்தே அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் பேச்சை அங்கேயே முடித்திருக்கலாம். கையை இறக்கிக்கொண்டு, "சொல்லுலே, பயப்படாம" என்றார். கிரீன்லாந்தும் டென்மார்க்தான் என்று சொல்லிவிட்டேன்.

மீசையை எடுத்ததும் அப்பா சலூன் கண்ணாடியில், பின்னால் நின்று அழுகிற என்னைப் பார்த்து, "ஏலே, உங்க அம்மைக்கு அடையாளம் தெரியாமப் போயிரும். நீதான் கூட வந்து சாட்சி சொல்லணும்" என்று சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து ரெங்கசாமி அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெயித்த கதையை இன்ஜினியரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கிரீன்லாந்தில் ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் டேனிஷ் உண்டு, ஆனால் ஜனங்கள் வீட்டில் பேசுவது அவர்களுடைய சொந்த மொழி என்று இன்ஜினியர் சொல்லிவிட்டாராம்.

"எங்க வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழுங்குத மாதிரிதான்வே அவியளும். அந்த நிலத்த நான் எப்படி என் பக்கம் சேக்க?" என்று துண்டை எடுத்தார். அவர் மீசையையும் காணோம். அம்மா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

அடுத்த நடையில் சோலாப்பூர் வெங்காய மண்டியில் அப்பாவைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். பெற்றவர்கள் இறந்தால் மீசை எடுப்பது அங்கேயும் உண்டு. ஒரு வியாபாரி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்க, அப்பா முழுக் கதையையும் மராத்தியில் சொல்லும்படி ஆகிவிட்டது. அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வியாபாரி, உள்ளதைச் சொன்ன பையனுக்கு என்று ஒரு கெட்டியான சோலாப்பூர் போர்வை கொடுத்தனுப்பினார். எங்கள் வெக்கைக்கு அது ஆகாது. ஆனாலும் அந்தக் கோடை முழுக்க அதைப் போர்த்தி வேர்த்துக்கொண்டே தூங்கினேன். வீட்டுக்கு வந்தவர்களிடம் பெயர் சொல்லவே கூசுகிற என்னைப் பற்றி, எனக்குத் தெரியாத ஒரு மொழியில் ஒரு மண்டியே பேசியிருக்கிறது.

இப்போது அப்பாவும் இல்லை, ரெங்கசாமி அண்ணாச்சியும் இல்லை. டீக்கடை இருந்த இடம் நாற்கரச் சாலைக்குள் போய்விட்டது. காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. அவற்றை நட இப்போது அத்தனை தூரத்திலிருந்து யாரும் வருவதில்லை. நான் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன், இன்றும் அதிகம் பேசுவதில்லை. அந்தப் பந்தயத்தை நினைக்கும்போது ஒன்று தோன்றும். அப்பாவின் தாய்மொழி மராத்தி இல்லை, அண்ணாச்சியின் தாய்மொழி டேனிஷ் இல்லை. தங்களுக்குச் சோறு போட்ட அடுத்தவர் மொழிக்காக மீசையை வைத்து மல்லுக்கு நின்ற இரண்டு பேருக்கு நடுவில் நான் வளர்ந்திருக்கிறேன். அப்படி ஒரு சண்டையை அதற்குப் பிறகு எங்கும் நான் பார்க்கவில்லை.