களாச்செடிக்குப் போட்ட உப்பு

பாலாற்றில் வெள்ளம் கரையைத் தொட்டு ஓடியதே, சனமெல்லாம் பாலத்தின் மேல் நின்று போனில் படம் பிடித்ததே, அந்த மழைக்கு அடுத்த தை மாதம். பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். பக்கத்து வீட்டு பாய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. வேலூருக்குக் கூட்டிப் போக வண்டி வந்து நின்றது. ஏறப்போன அவர் சம்சாரம் திரும்பி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, களா வேலி ரோட்டுக்கு வந்துட்டுது. கம்பெனி பஸ் ஏறுற பொண்ணுங்க துப்பட்டா முள்ளுல மாட்டிக்குது. மேலாக்க கிள்ளி வுடுங்க. ஜாஸ்தி வெட்டிடாதீங்க, பூ வெக்கிற நேரம்."

"நீ பாயைப் பாரு தங்கச்சி. வேலிய நான் பாத்துக்கறேன்."

பத்துச் செடி. அவள் புகுந்த வீட்டுக்கு வந்த வருஷம் வைத்தது. வருஷா வருஷம் காய் பறித்து ஊறுகாய் போட்டு, முதல் கிண்ணம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

மறுநாள் பெரிய கத்திரியை எடுத்தேன். களாமுள் இரட்டை இரட்டையாக இருக்கும். ஒன்றிலிருந்து கையை இழுத்தால் இன்னொன்றில் போய்க் குத்தும். கழித்துப்போட்ட தோலில் தைத்த கையுறை ஒன்று வைத்திருக்கிறேன், அதையும் தாண்டிக் குத்தியது. பால் வழிந்து கையெல்லாம் பிசுபிசுப்பு. ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்று அதை வெட்டினேன், அது இறங்கிவிட்டது என்று மறுபக்கம் வெட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் வேலி முழங்கால் உயரத்தில் நிற்கிறது.

அத்தோடு விட்டிருந்தால் துளிர்த்திருக்கும். நான் விடவில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் புரியும். தோல் பதனிடுகிற டேனரியில் பச்சைத்தோலுக்கு உப்புப் போடுகிற ஆள் நான், முப்பது வருஷத்துக்கு மேல். தோல் வந்து இறங்கியதும் விரித்துப் போட்டு, சதைப் பக்கம் உப்பைத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு கை உப்புக் குறைந்தாலும் அந்த இடத்தில் முடி கழன்று தோல் நாறிப்போகும். அழுகல் என்றால் உப்பு. எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். வெட்டின கட்டைகள் ஈரமாக இருந்தன, அடியில் கரையானும் தெரிந்தது. வீட்டில் ஒரு மூட்டை உப்புக் கிடந்தது. ஒவ்வொரு தூருக்கும் இரண்டு கை அள்ளிப் போட்டுத் தண்ணீரும் ஊற்றினேன்.

பத்து நாளில் மிச்சமிருந்த இலை ஓரம் கருகி உதிர்ந்தது. என் சம்சாரம் வந்து பார்த்தாள்.

"இன்னாத்த போட்ட?"

"உப்பு. அழுகக் கூடாதுன்னு..."

"அய்யோ! செடியையும் தோலுன்னு நெனச்சிட்டியா? உரிச்சு அடுக்கி வெக்கலாம்ல, ஏன் வுட்ட?"

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவேன். நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு தெரிந்தால் போயிற்று. காலையில் பச்சையாக இருந்தது மாலையில் பழுப்பாகத் தெரியும். கீறிக் கீறியே பாதிச் செடி புண்ணாகிவிட்டது.

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தேன். உப்பைக் கழுவித் தள்ள நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீரே உப்பு. அதனால் குழாயில் குடிதண்ணீர் வருகிற நாளெல்லாம் குடம் குடமாகத் தூக்கினேன். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். "இன்னா தாத்தா, முள்ளுக்குப் போயி மினரல் வாட்டரா?" என் சம்சாரம் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள்: "எனக்கு ஒரு கொடம் தூக்கினது கெடையாது, கேளுங்கம்மா!"

நடுவில் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. ஆபரேஷன் முடிந்ததாம், பாய் கம்பு ஊன்றி நாலு அடி நடக்கிறாராம். இங்கே வீட்டுப் படி ஏற முடியாததால் திருப்பத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார்களாம்.

"காய் பறிக்க வந்துருவோம்ணா. செடி எப்டிக்கீது?"

"நல்லாக்கீது தங்கச்சி," என்றேன். கை மண்ணோடு அந்தச் செடிகளின் முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

மாசி முடிவில் நாலு தூரில் அரிசி அளவுக்குத் துளிர் வந்தது. மற்ற ஆறும் பட்டுப்போய்விட்டன. பட்டதைப் பிடுங்கவும் எனக்குக் கை வரவில்லை. அதன்பின் இரண்டு தடவை போன் செய்தேன். அவள் குரலைக் கேட்டதும் வாய் தானாக "நல்லாக்கீது" என்கிறது. பாய் இருமுவது கேட்கிறது, வைத்துவிடுகிறேன்.

நீங்கள் சந்தைக்குத் திருப்பத்தூர் போகிறவர்தானே. அவளை ஒரு எட்டுப் பார்த்து, வேலியில் ஆறு செடி செத்தது, வெட்டினதில் இல்லை, உப்பில் செத்தது, போட்டவன் நான்தான் என்று சொல்லிவிடுங்கள். நாலு பிழைத்திருக்கிறது, இந்த வருஷம் காய் கிடையாது என்பதையும் சொல்லுங்கள். அவள் திட்டினால் என்ன திட்டினாள் என்று குறைக்காமல் வந்து என்னிடம் சொல்லுங்கள்.