வன்னியபெருமாள் இறக்கிய பாதி ஷட்டர்

துறைமுகம் போகிற ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் வன்னியபெருமாளுக்கு வயது ஐம்பத்தாறு. அதில் முப்பது வருஷம் கடைக்குள்ளேயே போய்விட்டது. சாத்தான்குளத்திலிருந்து பிழைக்க வந்தவர். கல்யாணத்துக்கு மூன்று நாள் கடையை அடைத்தார். அதை இன்றைக்கும் பெண்டாட்டி சண்முகவடிவிடம் சொல்லிக் காட்டுவார். மகள் பானுப்ரியா பிறந்தபோது அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அவள் காதுகுத்துக்குப் பந்தி முடிந்து இலை எடுக்கும்போது போய்ச் சேர்ந்தார். ஆல்பத்தில் பந்தல்காரர்கூட இருக்கிறார், அப்பனைக் காணோம். மனுஷன் கெட்டவரா என்றால் அதுவும் இல்லை. குடி கிடையாது, பீடி கிடையாது, சீட்டுக் கட்டைத் தொட்டதில்லை. இருக்கிற கெட்ட பழக்கம் எல்லாம் சேர்ந்து கடையாக உட்கார்ந்திருந்தது.

"ஏலே, என் கட ஷட்டரு பகல்ல எறங்கணும்னா வீட்ல ஒரு பொணம் விழணும்லே" என்று பெருமையடித்துக்கொள்வார். எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் காயல்பட்டினத்து மக்தூம் பாயிலிருந்து முக்கு டீக்கடை வரைக்கும் இதைக் கேட்டுக் காது புளித்துப் போகாத ஆள் கிடையாது.

இந்த லட்சணத்தில்தான் வியாபாரிகள் சங்கம் குடும்பத்தோடு வரச்சொல்லி ஒரு கூட்டம் போட்டது. சங்கத் தலைவர் பிரைட்டனுக்கு வருஷத்துக்கு ஒரு புதுமை செய்யாவிட்டால் சோறு செரிக்காது. கோட்டு போட்ட ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்து, 'ஒர்க் லைஃப் பேலன்ஸ்' என்று இரண்டு மணி நேரம் பேசவிட்டார். வியாபாரிகள் அத்தனை பேரும் ஃபோனைக் காதில் வைத்துச் சரக்குக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சைக் கேட்டது பின்வரிசைப் பெண்டாட்டிமார்தான்.

சண்முகவடிவு வீட்டுக்கு வந்ததும் துணியை எடுத்துப் பையில் அடுக்கினாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"எனக்கு நகை வேண்டாம், ஊரு சுத்த வேண்டாம். ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு மணிக்குக் கடய அடச்சிட்டு வந்து, என் எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடணும். இந்த ஞாயிறு வரலன்னு வைங்க, நான் பெங்களூருக்குப் பானு வீட்டுக்குப் போயிருவேன். பெறவு திரும்பி வர மாட்டேன்."

வெறும் மிரட்டல் இல்லை என்று வன்னியபெருமாளுக்குத் தெரியும். இந்த வயதில் அவள் போய்விட்டால் தான் நாதியற்றுப் போவோம் என்பதும் தெரியும். "வாரேம்ளா, வாரேன்" என்றார்.

ஞாயிறும் வந்தது, ஒரு மணியும் ஆனது. கடை முன்னால் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேரை எப்படி விரட்ட? கோட்டுக்காரர் சொன்ன பேலன்ஸ் அப்போதுதான் அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. ஷட்டரைச் சரிபாதி இறக்கினார். பாதி அவளுக்கு, பாதி கடைக்கு. "குனிஞ்சு வாங்க, குனிஞ்சு வாங்க. பத்து நிமிசத்துல அடச்சிருவேன்" என்று அடியில் நின்று வியாபாரத்தைத் தொடர்ந்தார்.

அந்த ரோட்டில் பாதி ஷட்டருக்கு ஒரே அர்த்தம்தான்: சாவு. கடைக்காரர் வீட்டில் யாராவது போய்விட்டால் அவர் கடைக்குப் பாதி ஷட்டர். சேதி கேட்டதும் மற்றவர்கள் மரியாதைக்கு முழுக்க அடைத்துவிட்டு மாலையோடு கிளம்புவார்கள். அவசரத்தில் இது அவருக்கு மறந்தே போனது.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி முழுசாக நிற்கிறார். மகளோ அரை மணி முன்னால்தான் வாட்ஸப்பில் பிரியாணிப் படம் போட்டிருக்கிறாள். அப்படியானால் மிச்சம் யார்? துக்கத்தில் நிற்பவரிடம் போய்க் கேட்க முடியுமா? சங்கத்து வாட்ஸப் குரூப்பில் கும்பிட்ட கைகள் வரிசையாக விழுந்தன. பிரைட்டன் கூட்டத்து ஃபோட்டோவிலிருந்து சண்முகவடிவை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்துப் போட்டுவிட்டார்.

ஃபோனைப் பார்க்க வன்னியபெருமாளுக்கு ஏது நேரம்? மற்ற கடைகள் படபடவென்று அடைவதைக் கண்டு, "எல்லாப் பயலுவளும் பேலன்ஸ் பாக்கப் போயிட்டானுவ போல" என்று சிரித்துக்கொண்டார். ரோட்டு வியாபாரம் மொத்தமும் இவரிடம் திரும்பியது. பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாக நீண்டது.

இரண்டேகாலுக்கு மக்தூம் பாய் குனிந்து உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது. துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கையைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, அக்கா மவுத்தாயிட்டாஹ, நீங்க இன்னமும் இங்கன நிக்கலாமா? எல்லாரும் ஒங்க வூட்லதான் இருக்காஹ. போங்க."

வன்னியபெருமாள் வெளியே பார்த்தார். ரோடு முழுக்க அடைத்துக் கிடந்தது. ஊரே அடைத்திருக்கிறது என்றால் பொய்யாக இருக்குமா? தன்னால் கிளம்பிய புரளியை அந்த மனுஷன் தானே நம்பிவிட்டார். ஒரு மணியிலிருந்து சோற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தாளே, காத்திருந்தபடியே போய்விட்டாளே என்று பதறினார். வீட்டுக்கு இடையில் இருந்த இரண்டு தெருவையும் ஓடியே கடந்தார்.

வாசலில் செருப்புக் குவியல், மாலைக் குவியல். "ஏளா சண்முகவடிவு! வந்துட்டேம்ளா!" என்று அலறிக்கொண்டு உள்ளே விழுந்தார்.

உள்ளே பதினோரு வியாபாரிகள் காப்பி டம்ளரோடு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஃபோன் போடக் கூடாது, அவரா வரட்டும் என்று அவர்களை உட்கார வைத்துக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தது சண்முகவடிவு.

"வாங்க. நான் செத்து ஒரு மணி நேரமாச்சு, இப்பதான் வாரியளோ?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. அவள் பிரைட்டன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கேன். பொண்டாட்டி செத்துக் கெடக்கா, புருசன் கடயில நின்னு பருப்பு நிறுக்கான். அதக் கண்ணால பாத்தும் இருக்காதேன்னு ஒங்கள்ல ஒருத்தருக்காவது தோணலியா?"

பிரைட்டன் தொண்டையைச் செருமினார். "தோணல மயினி. பாதி ஷட்டராவது எறக்கிட்டாரேன்னு நாங்க மெச்சிக்கிட்டுல்லா வந்தோம். மனுசன் பொண்டாட்டி மேல உசுரா இருந்திருக்காருன்னு பேசிக்கிட்டோம்."

வன்னியபெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாராவது கேலி செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். அவர்கள் பாராட்டியல்லவா விட்டார்கள். வெட்கமும் துக்கமும் சேர்ந்துகொள்ள, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

அவர் பாதத்தில் அப்பியிருந்த ரோட்டுப் புழுதியைப் பிரைட்டன் அப்போதுதான் பார்த்தார்; மனுஷன் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்திருக்கிறார். "அண்ணாச்சி, கடய யார்ட்ட விட்டுட்டு வந்தீய?"

"தெரியலயே."

அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை. சண்முகவடிவு காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது, குரல்தான் உடைந்துவிட்டது.

"இவ்வளவு வேகமா ஓடத் தெரியுதுலா? நான் உசுரோட இருக்கயில ஒருநா இப்படி ஓடி வந்திருக்கியளா?"

"இல்லளா" என்றார்.

பதினோரு பேரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செத்தவளுக்காகக் கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். அவரவர் வீட்டிலும் ஒரு மணிச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒருத்தர் எழுந்தார், அப்புறம் இன்னொருத்தர். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கடைப் பக்கம் திரும்பாமல் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.